விமானம் இறக்கிவிட்டுப் போன பிறகு: அலாஸ்காவின் காட்டுக்கரைக் கேபினில் தங்குவது எப்படி

அலாஸ்காவின் தென்கிழக்கு வால்பகுதியில் ஜுனோ, சிட்கா, கெட்சிகன், பீட்டர்ஸ்பர்க், ராங்கல் என்று சில ஊர்கள். அவற்றைச் சுற்றியுள்ள தீவுகளும் மலைச்சரிவுகளும் பெரும்பாலும் டோங்காஸ் தேசிய வனத்துக்குள் அடக்கம். சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல். இந்தக் காட்டின் கடலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் அமெரிக்க வனத்துறை நூற்றுக்கு மேற்பட்ட மரக் கேபின்களைப் பராமரிக்கிறது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து தங்கலாம்.

பணம் கட்டினால் கிடைப்பது நாலு மரச்சுவர், ஒரு கூரை, மெத்தையில்லாத பலகைக் கட்டில்கள், ஒரு மேசை, ஓர் அடுப்பு, சற்றுத் தள்ளி ஒரு குழிக் கழிப்பறை. மின்சாரம், குழாய்த் தண்ணீர், போர்வை, பாத்திரம், செல்போன் சிக்னல் எதுவும் கிடையாது. காவலாளும் இல்லை.

கேபினுக்குள் தங்குவது கஷ்டமே இல்லை. சிரமம் தருபவை போவதும் வருவதும், வாசலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்ச தூரமும்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் கேபினுக்கு வெளியே நடப்பதைப் பற்றியே பேசுகிறேன்.

எந்தக் கேபின், எந்த மாதம்

வனத்துறைக் கேபின்களை ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் 180 நாள் முன்பிருந்தே பதிவு செய்யலாம். புகைப்படத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஒவ்வொரு கேபினின் பக்கத்திலும் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்.

1. எப்படிப் போவது? மிதவை விமானமா, படகா, நடையா? விமானம் என்றால் கேபின் வாடகையைவிட விமான வாடகைதான் பல மடங்கு கையைக் கடிக்கும்.
2. அடுப்பு விறகில் எரிவதா, எண்ணெயில் எரிவதா? எண்ணெய் அடுப்பென்றால் எண்ணெயை நீங்கள்தான் சுமந்து போக வேண்டும்.
3. குடிநீர் எடுக்க ஓடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கடல் வாசலிலேயே இருக்கும்; நல்ல தண்ணீர் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: விமானம் ஏறிப் போகும் தொலைதூரக் கேபினில் தொடங்க வேண்டாம். ஜுனோவிலிருந்து வடக்கே போகும் சாலையின் கடைக்கோடிப் பக்கம் பாயின்ட் பிரிட்ஜெட் மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே கடலோரமாக உள்ள புளூ மஸல் கேபினுக்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் நடை. மாநிலப் பூங்காத் துறையின் கேபின் என்பதால் பதிவு செய்யும் தளம் வேறு. மழை, கரடி, கடல் ஏற்றம் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் ஏதாவது சரியில்லை என்றால் நடந்தே சாலைக்குத் திரும்பிவிடலாம். அடுத்த தடவை தீவுக்குப் போங்கள்.

மாதம் என்று பார்த்தால் மே, ஜூன். மழை ஒப்பளவில் குறைவு. ஜூனில் ஜுனோவில் பகல் பதினெட்டு மணி நேரம் நீளும். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டித் தீர்க்கும். கெட்சிகனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையின் மழை 1,400 தான். ‘வெயில் வந்ததும் வெளியே போகலாம்’ என்று காத்திருக்கிறவர்கள் அங்கே கட்டிலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. திரும்பும் தேதியை முதலில் தீர்மானியுங்கள். அதற்கு இரண்டு நாள் கழித்துதான் ஊருக்கான பெரிய விமானத்துக்கு டிக்கெட் எடுங்கள். இந்த இடைவெளி இல்லாதவர்கள்தான் மோசமான வானிலையில் ‘எப்படியாவது கிளம்பிவிடலாம்’ என்று விமானியை நெருக்குகிறார்கள்.
2. போகும் இடம், கேபின் பெயர், விமான நிறுவனம், திரும்பும் நாள், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.
3. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாடகைக்காவது எடுங்கள். படகில் போவதானால் கடல் விஎச்எஃப் ரேடியோவும் வேண்டும். அவசர அழைப்புக்குச் சேனல் 16.
4. கேபினுக்குப் பக்கத்து நிலையத்தின் ஏற்ற-வற்ற அட்டவணையை அச்சிட்டுக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்த நாளில் அதுவும் போய்விடும்.
5. மீன் பிடிக்க நினைத்தால் உரிமம் வாங்குங்கள். வெளியூர்க்காரர்களில் 16 வயது முதல் எல்லோருக்கும் அது கட்டாயம்.
6. கரடி ஸ்பிரே, அடுப்பு எரிபொருள் இரண்டையும் பயணிகள் விமானத்தில் கையிலோ பெட்டியிலோ கொண்டுபோக முடியாது. அவற்றைப் போய்ச் சேர்ந்த ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ள ஒரு அரை நாள் ஒதுக்குங்கள்.

மூட்டை

பருத்தி உடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, வெளியே தண்ணீர் புகாத கோட்டு, பேன்ட். காலுக்கு முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ். அங்கத்தி மீனவரும் பள்ளிப் பிள்ளைகளும் போடுவது அதைத்தான். விலையுயர்ந்த மலையேற்ற ஷூ முதல் நாளே ஊறிப்போகும்.

தூங்குபை, அதற்கடியில் விரிக்க மெத்தை, ஆளுக்கொரு தலைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, தீக்குச்சி இரண்டு இடங்களில் தனித்தனியாக, இரண்டு பாத்திரம், சின்ன எரிவாயு அடுப்பு, கழிப்பறைக் காகிதம். கடைசியில் சொன்னதை மறப்பவர்கள் ஏராளம்.

சாப்பாட்டுக்கு அவல், ரவை, சேமியா, பருப்புப் பொடி, வீட்டில் செய்த புளிக்காய்ச்சல். சீக்கிரம் வேகும் பொருள், எரிபொருளும் மிச்சம். தங்கும் நாளுக்கானது போக, இன்னும் மூன்று நாளுக்கான சாப்பாட்டைத் தனிப் பையில் கட்டி, திரும்பும் நாள்வரை பிரிக்காதீர்கள். கருவாடு வேண்டவே வேண்டாம். அந்த வாசனை நமக்கு மட்டும் பிடித்ததல்ல.

மிதவை விமானத்தில்

சிறிய விமானம். எடைக்குக் கண்டிப்பான வரம்பு உண்டு. உங்கள் எடையைக் கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். பெரிய சூட்கேஸ் ஒன்றைவிடச் சின்ன மென்பைகள் நான்கு நல்லது. வால்பகுதியில் திணித்து அடுக்க அதுதான் வசதி.

1. கரடி ஸ்பிரே இருப்பதை விமானியிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதை மிதவைக்குள் இருக்கும் அறையில் வைப்பார். பறக்கும்போது உள்ளே கசிந்தால் விமானிக்குக் கண் தெரியாது.
2. விமானி கைகாட்டும்வரை அருகே போகாதீர்கள். முன்பக்கம் விசிறி. நின்றிருந்தாலும் சுற்றுவதாகவே நினைத்து ஒதுங்கி நடங்கள்.
3. உட்கார்ந்ததும் கதவுப் பிடி எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கையால் தொட்டுப் பாருங்கள். காற்றடைக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தால் அதை விமானத்துக்குள் இருக்கும்போது ஊதவிடக் கூடாது. தண்ணீர் புகுந்தால் அது உங்களைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும். வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.
4. இறங்கியதும், விமானம் கிளம்பும் முன், திரும்பும் நாளையும் நேரத்தையும் வாய்விட்டு இன்னொரு தடவை சொல்லி உறுதி செய்யுங்கள். நேரத்தைக் கடல் ஏற்றத்தைப் பார்த்து அவரே சொல்வார். அதற்கு நீங்கள் ஒத்துப்போங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

விமானச் சத்தம் மறைந்ததும் உடனே கேமராவோடு கிளம்பத் தோன்றும். பொறுங்கள்.

1. பைகளைக் கரைமணலிலிருந்து புல்மேட்டுக்கு மேல் ஏற்றுங்கள். கடல் ஏறிக்கொண்டிருக்கலாம்.
2. கேபினைச் சுற்றி ஒரு வட்டம் வாருங்கள். உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். கரடிச் சாணி, பிறாண்டிய கதவு, உடைந்த சன்னல் இருக்கிறதா பாருங்கள்.
3. உள்ளே போய்ப் புகைபோக்கிக் குழாய் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, அடுப்பில் பழைய சாம்பல் நிரம்பியிருக்கிறதா பாருங்கள்.
4. விறகுக் கொட்டகையைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் அதைச் சமாளிப்பதே இன்றைய வேலை.
5. தண்ணீர் எடுத்து வந்து கொதிக்க வையுங்கள்.
6. வருகைப் புத்தகம் இருந்தால் புரட்டுங்கள். கரடி எந்தப் பக்கம் நடமாடுகிறது, ஓடையில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் போன வாரம் தங்கியவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். எந்தக் கையேட்டையும்விட அது புதுச் செய்தி.

இதெல்லாம் முடிந்த பிறகு கேமராவை எடுங்கள்.

அடுப்பு

மழைக்காட்டில் விழுந்து கிடக்கும் மரம் என்றால் உள்வரை ஊறிய மரம் என்று அர்த்தம். நம்மூரில் சுள்ளி பொறுக்கிப் பற்றவைத்த அனுபவம் இங்கே உதவாது. அதனால் ஊர்க் கடையிலேயே அமுக்கிய மரத்தூள் கட்டைகள் சிலவும், மெழுகு தோய்த்த பற்றவைப்பானும் வாங்கி வாருங்கள்.

பற்றவைக்கும் வரிசை:

1. காற்றுத் திறப்பையும் புகைபோக்கித் தடுப்பையும் முழுசாகத் திறங்கள். புகை அறைக்குள் திரும்புவதற்குப் பெரும்பாலும் இதை மறந்ததே காரணம்.
2. கட்டையைப் பிளந்து நடுப்பகுதியை எடுங்கள். வெளிப்பட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் உள்ளே ஓரளவு காய்ந்திருக்கும். செடார் கிடைத்தால் அதிர்ஷ்டம். மெல்லிய சிம்புகளாக எளிதில் பிளக்கும், சட்டென்று பிடிக்கும்.
3. விரல் கனத்தைவிட மெல்லிய சிம்புகள் ஒரு கூடை சேர்ந்த பிறகே தீக்குச்சியை எடுங்கள். பாதிச் சிம்போடு தொடங்கி, தீ அணைய அணைய ஓடிப்போய் வெட்டிக்கொண்டிருப்பது வீண்.
4. சிம்பு, பிறகு மணிக்கட்டுக் கனம், பிறகு பெரிய கட்டை. ஒவ்வொன்றும் நன்றாகப் பிடித்த பிறகே அடுத்தது.
5. நன்றாகச் சூடேறிய பின் காற்றுத் திறப்பைக் குறையுங்கள், அடியோடு மூடாதீர்கள்.
6. அடுத்த வேளைக்கான ஈர விறகை உள்ளே கொண்டுவந்து அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி அடுக்குங்கள். ஈரத் துணிக்கும் அதே தூரம்தான். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிச் சாக்ஸ் காயப்போட்டு, அது நழுவி விழுந்து எரிந்த கதை அந்தப் பக்கம் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

கரையில் ஒதுங்கிய உப்பு ஏறிய கட்டையை அடுப்பில் வைக்காதீர்கள். இரும்பை அரித்துவிடும். கோடாலி வேலையைக் காலையில், கை சூடாக இருக்கும்போது செய்யுங்கள். இருட்டியதும் விரல் விறைத்துக்கொண்டு வெட்டப் போனால் வெட்டுவது விறகாக இருக்காது.

எண்ணெய் அடுப்பாக இருந்தால் கேபினின் இணையப் பக்கத்தில் சொல்லியிருக்கும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பெட்ரோலோ முகாம் அடுப்புக்கான வெள்ளை எரிபொருளோ ஊற்றினால் வெடிக்கும். அணைந்துபோன அடுப்பைச் சூடு ஆறும் முன் மறுபடி பற்றவைக்கக் கூடாது.

எந்த அடுப்பானாலும் சன்னலை ஒரு விரற்கடையாவது திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்று பையில் இருக்கட்டும்.

தண்ணீர்

ஓடைத் தண்ணீர் பளிங்குபோல இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். தேநீர் நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். சதுப்பு நிலத்து இலைச்சாறு இறங்கிய நிறம் அது.

ஏற்றமும் வற்றமும்

சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் நமக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றுவதில்லை. ஜுனோவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் 6 மீட்டரைத் தாண்டும். இரண்டு மாடி உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போய்விடும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

அட்டவணையைப் படிக்கும்போது:

1. அன்றைய இரண்டு ஏற்றங்களின் உயரத்தையும் பாருங்கள். இரண்டும் சமமாக இராது. பகலில் படகைத் தொடாத தண்ணீர் இரவில் தூக்கிக்கொண்டு போகலாம்.
2. அட்டவணை கோடைக்கால நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரப் பிசகு அங்கே பெரிய பிசகு.
3. கரையோரம் நடப்பதானால் வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். வற்ற நேரம் வந்ததும், எங்கே நின்றாலும், திரும்புங்கள். வற்றத்தில் நடந்து போன பாறைத்திட்டு ஏற்றத்தில் தனித்தீவாகிவிடும்.

படகு வைத்திருப்பவர்கள் இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள். ஏற்றத்தில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பும்போது படகு தண்ணீரிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளிப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும். வற்றத்தில் குட்டைக் கயிற்றில் கட்டினால் ஏற்றத்தில் அது இழுபட்டு முழுகும். ஆழத்தில் நங்கூரமிட்ட மிதவைக்கும் கரை மரத்துக்கும் நடுவே கப்பி போட்டுச் சுற்றுக்கயிறு கட்டி, படகை இழுத்து வெளியே நிறுத்துவதே முறை. கயாக்கானால் காய்ந்த கடற்பாசிக் கோட்டுக்கு மேலே, புல்வரை தூக்கிப்போய், மரத்தில் கட்டிவையுங்கள். புல்லில் கிடக்கிறதே என்று கட்டாமல் விடாதீர்கள்.

வற்றக்கரையில் நடக்கும்போது பாசி படிந்த பாறை வழுக்கும். கொட்டலசு ஒட்டிய பாறை கையைக் கிழிக்கும். ஒரு கோல் ஊன்றி நடங்கள். காட்டோரம் சரியும்போது கைக்கு அகப்பட்ட செடியைப் பிடிக்காதீர்கள். அகன்ற இலையோடு ஆள் உயரம் நிற்கும் டெவில்ஸ் கிளப் செடியின் தண்டெல்லாம் முள், ஏறினால் சீழ் பிடிக்கும்.

படகில் கால் வைத்தது முதல் உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். நீச்சல் தெரிவது அதற்குப் பிறகு உதவாது.

கரடி

அட்மிரால்டி, பரனோஃப், சிச்சகோஃப் ஆகிய மூன்று பெரிய தீவுகளில் பழுப்புக் கரடி மட்டும். அட்மிரால்டியில் மட்டும் சுமார் 1,500 என்று கணிக்கிறார்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் முதலிய தெற்குத் தீவுகளில் கருங்கரடி மட்டும். நிலப்பரப்பில் இரண்டும். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் வேறு.

- நடக்கும்போது பேசுங்கள், பாடுங்கள். ஓடை இரைச்சல் அருகே இன்னும் உரக்க. ஜூலை முதல் செப்டம்பர்வரை சால்மன் ஏறும் ஓடைகள் கரடிகளின் பந்தி. அங்கே தண்ணீர் எடுக்கத் தனியாகப் போக வேண்டாம்.
- சாப்பாடு, குப்பை, பற்பசை எதுவும் தாழ்வாரத்தில் இருக்கக் கூடாது. மீனைக் கேபின் அருகே சுத்தம் செய்யாதீர்கள்; அலைக்கோட்டுக்குப் போய்ச் செய்து கழிவைத் தண்ணீரில் விடுங்கள்.
- எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். நின்று, தணிந்த குரலில் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்து வந்தால் நின்ற இடத்தில் நின்று எட்டுப் பத்து மீட்டருக்குள் வரும்போது ஸ்பிரேயை அடியுங்கள். ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும். முதுகுப் பைக்குள் இருந்தால் இல்லாத மாதிரிதான்.
- பழுப்புக் கரடி மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் பின்கழுத்தைப் பொத்தி, அசையாதீர்கள். கருங்கரடி என்றால் கையில் கிடைத்ததை வைத்து எதிர்த்து அடியுங்கள்.

கொசு மருந்துபோல ஸ்பிரேயை உடையிலும் கதவிலும் அடித்துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மிளகாய்ச் சாறு. காய்ந்த பிறகு அந்த வாசனை கரடியை அழைக்கும்.

சிப்பி, மட்டி வேண்டாம்

வற்றத்தில் வாசலெல்லாம் சிப்பி கிடக்கும். எடுக்காதீர்கள். நுண்பாசியிலிருந்து அவற்றில் சேரும் சாக்ஸிடாக்ஸின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் உறையவைத்தாலும் போகாது, பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, முறிமருந்தும் இல்லை. உதடு மரத்துப்போவதில் தொடங்கி மூச்சை நிறுத்தும்வரை போகலாம். கடையில் விற்பவை சோதிக்கப்பட்டவை. கேபின் கரையை யாரும் சோதிப்பதில்லை. நண்டு பிடித்தால் சதையை மட்டும் தின்று, உள்ளுறுப்புகளை எறிந்துவிடுங்கள்.

குளிர் ஏறும்போது

உறைபனி தேவையில்லை. 10 டிகிரி, மழை, காற்று மூன்றும் சேர்ந்தாலே போதும். கூட வந்தவருக்கு நடுக்கம் நிற்காமல் இருந்தால், பேச்சு குழறினால், பித்தான் போட விரல் வராவிட்டால், அவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வதை நம்பாதீர்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, தூங்குபைக்குள் விட்டு, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். சாராயம் கூடாது. நடுக்கம் தானாக நின்று ஆள் மந்தமானால் அது தேறியதன் அறிகுறி அல்ல. உடனே உதவி கேளுங்கள்.

விமானம் வராவிட்டால்

மேகம் தாழ்ந்தால் விமானம் வராது. இது அங்கே சகஜம்.

1. மூட்டையைக் கட்டிக் கூரைக்குக் கீழே தயாராக வையுங்கள். மேகம் சற்றே விலகும்போது சொல்லாமல் வந்துவிடுவார்கள்.
2. கேபினை விட்டுக் கிளம்பாதீர்கள். ‘அடுத்த விரிகுடாவரை நடந்து பார்க்கலாம்’ என்பது கெட்ட யோசனை. உங்களைத் தேடுபவர்களுக்குத் தெரிந்த இடம் கேபின் ஒன்றுதான்.
3. செயற்கைக்கோள் கருவியில் நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் ஒரு வரி அனுப்புங்கள். வானிலையால் தாமதமானதற்கு அவசரப் பொத்தானை அழுத்தக் கூடாது.
4. தனியே கட்டிவைத்த சாப்பாட்டுப் பையை இப்போது பிரிக்கலாம்.

அடுத்ததாகப் பதிவு செய்தவர்களுக்கும் அதே விமானம்தான், ஆகவே பெரும்பாலும் கேபின் உங்களுக்கே. அவர்கள் படகில் வந்து சேர்ந்துவிட்டால் பலகையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். யாரும் மழையில் துரத்தமாட்டார்கள்.

கிளம்பும் முன்

1. காலையில் பெரிய கட்டை வைக்காதீர்கள். கிளம்பும்போது அடுப்பு தணலின்றி ஆறியிருக்க வேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டும் அள்ளுங்கள்.
2. தரையைப் பெருக்கி, மிச்சச் சாப்பாட்டையும் குப்பையையும் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். ‘அடுத்து வருபவருக்கு உதவுமே’ என்று வைத்துவிட்டுப் போகும் அரிசி எலிக்கும் கரடிக்கும்தான் உதவும்.
3. ஓர் இரவுக்கான விறகும் சிம்பும் பிளந்து உள்ளே அடுக்குங்கள்.
4. பழைய சிலைக்கம்பங்கள், பட்டை உரித்த தழும்புள்ள பெருமரங்கள் கண்ணில் பட்டிருந்தால் தொடாமல் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிலிங்கிட், ஹைடா மக்களின் மூதாதையர் விட்டுச்சென்றவை அவை. சின்னக் கல்கூட எடுத்து வரக் கூடாது.
5. சன்னல்களை மூடி, கதவைத் தாழிடுங்கள். தாழ்ப்பாள் வெளியே காற்றுக்கு அசையாதபடி விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.
6. ஊர் சேர்ந்ததும் உடைந்த புகைக்குழாய், ஒழுகும் கூரை, விழுந்த மரம் எதுவானாலும் வனத்துறையின் உள்ளூர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஊழியர்களும் அங்கே படகிலோ விமானத்திலோதான் போக வேண்டும் என்பதால், எந்தக் கருவி, எந்த அளவுக் குழாய் தேவை என்று தெரியும்படி ஒரு புகைப்படத்தோடு சொன்னால் அவர்களுக்கு ஒரு நடை மிச்சம்.